செம்பாக்கம் ஏரிக்கரையில் ஓர் ஐப்பசிக் காலை

விடியலில் வயலைச் சுற்றிவந்து பழகிய கால்கள், வெளியூர் போனாலும் வீட்டில் நிற்பதில்லை. தாம்பரம் பக்கத்தில் செம்பாக்கத்தில் உறவினர் வீட்டில் தங்கியிருந்தபோதும் அப்படித்தான். இரவு பெய்த மழை விட்டிருந்தது. ஆறு மணிக்கே ஏரிக்கரையில் ஏறிவிட்டேன்.

கரையோரப் புல்லில் மடையான் ஒன்று தவளைக்காக அசையாமல் நின்றது. நாமக்கோழிகள் தண்ணீரில் மிதந்தன. முக்குளிப்பான் இங்கே மூழ்கி அங்கே எழுந்தது. நீர்க்காகம் சிறகை விரித்துக் காயவைத்தது. தலைக்கு மேலே தகைவிலான்கள் பறந்தபடியே பூச்சி பிடித்தன. குளிர்காலத்துக்காக வடக்கிலிருந்து வருபவை அவை. கோடை தொடங்கும்போது திரும்பிவிடும்.

நடைக்கு வந்த பெரியவர் ஒருவர் பேச்சுக் கொடுத்தார். “அதோ அந்த மாடி வீடுங்க இருக்கே தம்பி, அங்கெல்லாம் நான் நாத்து நட்டிருக்கேன்” என்றார்.

“இப்ப மடையைத் திறக்கிறது யாருங்கய்யா?”

“திறந்தா பாயறதுக்கு வயல் ஏது?”

ஆயக்கட்டு இருந்தவரை வரத்துக்காலைப் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தது. வயல் மனையானபிறகு கழிவுநீரும் ஆகாயத்தாமரையும்தான் ஏரிக்கு வந்து சேர்ந்தன. சில ஆண்டுகளுக்கு முன்பு, நேச்சர் கன்சர்வன்சி, கேர் எர்த் டிரஸ்ட் ஆகிய அமைப்புகள் இதைச் சீரமைக்கும் வேலையில் இறங்கின. இங்கே நிரம்பும் நீர் நன்மங்கலம், கீழ்க்கட்டளை, நாராயணபுரம் ஏரிகள் வழியாகப் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்குப் போகிறது. 2022-ல் ராம்சர் பட்டியலில் சேர்ந்த இடம் அது. இந்தச் சங்கிலியில் ஓர் ஏரி கெட்டால், கீழே உள்ளவையும் கெடும்.

இதே செங்கல்பட்டுச் சீமையில்தான் வேடந்தாங்கலும் இருக்கிறது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பயிருக்கு உரம் என்று அறிந்தவர்கள் அவ்வூர் விவசாயிகள். பறவைகளைச் சுடக் கூடாது என்று 18-ம் நூற்றாண்டின் இறுதியிலேயே கலெக்டரிடம் எழுதி வாங்கினார்கள். வயலும் விவசாயியும் இருந்ததால், ஏரிக்கும் பறவைக்கும் காவல் இருந்தது.

உங்கள் ஊர் ஏரிக்கு இன்னும் ஆயக்கட்டு இருக்கிறதா? அப்படியானால் நீங்கள் கொடுத்துவைத்தவர்கள். இந்த ஐப்பசியில் பிள்ளைகளோடு ஒருநாள் கரையில் நடந்துபாருங்கள். என்னென்ன பறவைகள் வந்திருக்கின்றன என்று அவர்களை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். போகிற வழியில் வரத்துக்கால் அடைத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். அடைத்திருந்தால் நாலு பேராகச் சேர்ந்து, அடுத்த மழைக்கு முன்பே சரிசெய்துவிடுங்கள்.