ரூட் இல்லாத ராத்திரி

ரொம்ப நாளாச்சு பதிவு போட்டு. நேத்து ஆபீஸ்ல ஒரு ஜூனியர், "ரூட் இல்லாம வைஃபை ஸ்கேன் பண்ண முடியுமா?"ன்னு கேட்டான். உடனே 2020 ஆகஸ்ட் ஞாபகம் வந்துடுச்சு.

ஊரடங்கு. பெங்களூர்ல ரூமைக் காலி பண்ணிட்டு, பாலக்கோடு பக்கம் எங்க ஊர்லேர்ந்து வேலை பார்த்துட்டிருந்தேன். ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணிக்குச் சித்தப்பா பையன் லேப்டாப்போட ஓடி வந்தான். இன்ஜினியரிங் கவுன்சிலிங்குக்கு சர்டிபிகேட் அப்லோட் பண்ணணும். ஸ்கேன் எல்லாம் அந்த லேப்டாப்லதான். பக்கத்துல எந்தக் கடையும் திறந்தில்ல.

லேப்டாப்ல லினக்ஸ். திரையில வைஃபை ஐகானையே காணோம், எப்பவோ பையனே தூக்கிட்டானாம். அட்மின் பாஸ்வேர்ட் போட்டது அவன் அண்ணன், அவனுக்கு மறந்துபோச்சு. (கேபிள் போட்டு மொபைல் நெட்டை இழுத்திருக்கலாமேன்னு கேக்காதீங்க. இருந்த ஒரே கேபிள் சார்ஜ் மட்டும்தான் ஏத்தும்.)

என் மொபைல்ல ஹாட்ஸ்பாட் போட்டேன். 'ஐடபிள்யூ' கமாண்ட்ல ஸ்கேன் அடிச்சா, அனுமதி இல்லைன்னுடுச்சு. 'சுடோ' போட்டா, இந்தச் சம்பவம் புகார் செய்யப்படும்னு மிரட்டல் வேற! 'ஐடபிள்யூலிஸ்ட்' பட்டியல் குடுத்துச்சு, ஆனா அதுல என் ஹாட்ஸ்பாட் இல்ல. ரூட் இல்லைன்னா அது புதுசா தேடாது, கடைசியா யாரோ தேடினதை அப்படியே காட்டும். நேத்து தக்காளி விலையை இன்னிக்கு மார்க்கெட்ல சொல்ற கதை.

கெர்னல் ஏன் தடுக்குது? ஸ்கேன்னா, வைஃபை கார்டு இருக்கிற சேனலை விட்டுட்டு ஒவ்வொரு சேனலாப் போய்க் கேக்கணும். அந்த நேரம் மெஷின்ல இருக்கிற எல்லாருக்கும் நெட் தடுமாறும். அதான் நெட்வொர்க் நிர்வாக உரிமை கேக்குது.

அப்பதான் நெட்வொர்க்மேனேஜர் ஞாபகம் வந்துச்சு. அது ரூட்டாவே ஓடுற சர்வீஸ். நாம டி-பஸ் வழியா கேப்போம். இந்த ஆளுக்குச் செய்யலாமான்னு போல்கிட் பார்க்கும். சரின்னா, ஸ்கேனை அதுவே பண்ணிட்டு முடிவை மட்டும் நமக்குத் தரும். போஸ்ட் ஆபீஸ் கவுண்டர் மாதிரி. உள்ள போக சாவி வேண்டாம், ஜன்னல்ல கேட்டாப் போதும்.

'என்எம்சிஎல்ஐ டெவ் வைஃபை ரீஸ்கேன்'. சில நொடி கழிச்சு ரீஸ்கேனுக்குப் பதிலா 'லிஸ்ட்'. வந்துடுச்சு என் ஹாட்ஸ்பாட்!

கனெக்ட் பண்றப்ப மறுபடி அட்மின் பாஸ்வேர்ட் கேட்டுச்சு. எல்லா யூசருக்கும் பொதுவா சேமிக்கப் பார்க்குதுன்னு புரிஞ்சுது. கமாண்ட் கடைசியில 'பிரைவேட் யெஸ்' சேர்த்தேன், எனக்கு மட்டும்னு அர்த்தம். ஏத்துக்கிச்சு.

பதினொன்றரைக்குக் கடைசி ஃபைலும் ஏறிடுச்சு. சித்தப்பா அதுவரைக்கும் திண்ணையை விட்டு எழுந்திரிக்கவே இல்ல.

"பாஸ்வேர்டை உடைச்சிட்டியாண்ணா?"ன்னான் பையன்.

"இல்லடா. யாரைக் கேக்கணுமோ அவங்களைக் கேட்டேன்."

அந்தப் பாஸ்வேர்ட் இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது.