பூ உப்பாத மாவு

நற்பிட்டிமுனை, கல்முனை நகருக்கு மேற்கே வயலை ஒட்டிய ஊர். பெருநாள் நெருங்கினால் இங்கே அடுப்புகள் ஓய்வதில்லை. அச்சுப் பலகாரம், தொதல், வட்டிலப்பம், ஞானகத்தா என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேர் இருக்கும். பெண்ணுக்கு வீடு கொடுத்து மாப்பிள்ளையை அங்கேயே அழைத்துக்கொள்ளும் வழக்கம் உள்ள கரை இது. சம்பந்தி வீட்டுக்குப் போகும் தட்டில் என்ன இருக்கிறது என்பதை ஊரே பார்க்கும். அந்தத் தட்டுகளுக்காக வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்கும் ஒரு ராத்தாவைப் பார்க்கப் போயிருந்தேன்.

அவரிடம் கனமான பீங்கான் தட்டு ஒன்று இருக்கிறது. லண்டனில் இருக்கும் உறவினர் கொடுத்தது. எட்டுத் துண்டாகப் பிரிந்த வட்டம், ஒவ்வொரு துண்டிலும் குடைந்த ஒரு பூ. ஸ்கொட்லாந்தில் ஷோட்பிரெட் என்னும் பட்டர் பிஸ்கட் சுடும் அச்சு அது.

“ஞானகத்தா மாவ இதுக்குள்ள வெச்சா பூவெல்லாம் உப்பிப் போயிரும் புள்ள” என்றார். காரணம் எளிது. ஞானகத்தாவில் பேக்கிங் பவுடர் சேரும். மாவு எழும்பி, மேலே வெடித்து, வாயில் கரையும். வெடிப்புதான் அதற்கு அழகு. ஷோட்பிரெட்டில் எழுப்புகிற எதுவும் கிடையாது. சீனி ஒரு பங்கு, பட்டர் இரண்டு, கோதுமை மா மூன்று. எல்லாம் நிறைக் கணக்கு. பட்டர் மாவைப் போர்த்திக்கொள்வதால் மாவு இழுபடும் பசையாக மாறாது. அதனால்தான் பதித்த கோடு சூட்டிலும் பதித்தபடி நிற்கிறது. ராத்தா முந்நூறு கிராம் மாவில் ஐம்பதை எடுத்துவிட்டு வறுக்காத அரிசி மா போடுகிறார். நறுநறுப்புக்காக ஸ்கொட்லாந்திலும் அரிசி மா சேர்ப்பவர்கள் உண்டு என்று நான் சொன்னதும் அவர் முகம் மலர்ந்தது. கடைச் சீனி பெரும்பரல் என்பதால் கிரைண்டரில் பொடியாக்கித்தான் சேர்க்கிறார்.

உண்மையான எதிரி வெக்கை. கடற்கரைப் பகலில் பட்டர் கையிலேயே உருகும். உருகிய மாவில் கோடு விழாது. ஆகவே சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு வேலை தொடங்குகிறது. அச்சில் மெல்ல எண்ணெய் தடவி, மாவை நடுவிலிருந்து விளிம்புக்கு விரலால் அழுத்துகிறார். பூவின் இதழ் நுனிவரை மாவு போய்ச் சேர்ந்ததா என்பது கண்ணுக்குத் தெரியாது; விரல்தான் சொல்ல வேண்டும். மேலே முள்ளுக்கரண்டியால் குத்துகிறார், ஆவி போவதற்கு. தட்டோடு ஃபிரிட்ஜில் கொஞ்ச நேரம். பிறகு 160 பாகைச் சூட்டில் அரை மணிக்கு மேல். வெளியே எடுத்துப் பத்து நிமிடம் பொறுத்துக் கவிழ்க்க வேண்டும். அவசரப்பட்டால் உடையும், ஆறவிட்டால் ஒட்டும். கோட்டு வழியே சூட்டோடு வெட்டுகிறார்.

2022இல் நோன்பு தொடங்குமுன் நாட்டில் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு. ஏப்ரல் முடிவில் 12.5 கிலோ காஸ் 4,860 ரூபாய் ஆனது. ஃபிரிட்ஜும் ஓவனும் இல்லாமல் இந்த வேலை இல்லை. அந்தப் பெருநாளுக்கு விறகடுப்பில் அச்சுப் பலகாரம் மட்டும் சுட்டுச் சமாளித்தாராம்.

வாங்குகிறவர்கள் துண்டை எண்ணித்தான் விலை பேசுகிறார்கள். ஞானகத்தா விலைக்கே ஷோட்பிரெட்டையும் கேட்பவர்கள் உண்டு. எனக்கு இது அநியாயமாகப் படுகிறது. பட்டரின் விலை ஒரு பக்கம். ஒரே தட்டு, ஒரு தடவைக்கு எட்டே துண்டு, நூறு துண்டுக்குப் பதின்மூன்று தடவை மாவு அழுத்த வேண்டும். அந்தக் கூலியை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ராத்தா இப்போது இந்தத் துண்டுக்குத் தனி விலை சொல்கிறார், குறைப்பதும் இல்லை.

இன்னொரு தட்டு வாங்கக் கையில் காசில்லை. பலாப் பலகையில் நெற்கதிர் குடைந்து தரும்படி தச்சரிடம் சொல்லியிருக்கிறார். பலகையில் மாவைப் பதித்து, தட்டிக் கவிழ்த்து, தகரத் தட்டில் வைத்துச் சுடலாம். முதலில் வந்த மாதிரியில் குடைந்த ஓரம் செங்குத்தாக இருந்தது, மாவு கழலவில்லை. ஓரத்தை வெளிப்பக்கம் சரித்துச் செதுக்கும்படி அதைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்.