ஹெலிகாப்டர் கிளம்பாத மூணு நாள்

"ஏன் டாக்டர், அண்டார்டிகாவுல ஹெலிகாப்டரே இருந்துச்சாமே, நெனச்ச நேரம் பறந்துரலாம்ல?" ஆண்டிபட்டியில வாரத்துக்கு ஒருத்தராவது இதைக் கேக்குறாங்க. பதில் கொஞ்சம் நீளம், அதான் இந்த இழை. கடைசி வரைக்கும் படிங்க, உங்களுக்கும் இதுல ஒரு வேலை இருக்கு.

நம்ம மைத்ரி நிலையத்துல இருந்து கப்பல் வந்து நிக்கிற பனி விளிம்பு சுமார் 100 கி.மீ. கோடை மாசங்கள்ல ஹெலிகாப்டர் இருக்கும். ஆராய்ச்சி பண்றவங்களை மலைப்பக்கம் இறக்கிவிடும், அவங்க கூடாரம் போட்டுத் தங்குவாங்க.

அப்படி ஒரு கூடாரத்துல இருந்து சாட்டிலைட் போன். ஒருத்தருக்குத் தொப்புளைச் சுத்தி ஆரம்பிச்ச வலி வலது அடிவயித்துக்கு இறங்கிருச்சு. வாந்தி, காய்ச்சல். குடல்வால் அழற்சிதான்னு தோணுச்சு. பையோட கிளம்பி நின்னேன். பைலட் சொன்னார்: "இன்னைக்கு முடியாது டாக்டர்."

வெளியே புயல் எதுவும் இல்லை. வெறும் வெள்ளை. இதை 'வொயிட்அவுட்'னு சொல்வாங்க. மேகமும் பனியும் ஒரே நிறமாகி, நிழல் விழாது, தொடுவானம் இருக்காது. தரை பத்தடி கீழேயா ஆயிரம் அடி கீழேயான்னு கண்ணுக்குப் புரியாது. 1979 நவம்பர் 28 அன்று ஏர் நியூசிலாந்து விமானம் அண்டார்டிகாவின் எரபஸ் மலையில மோதி 257 பேரும் இறந்தாங்க. எதிரே இருந்த மலை கண்ணுக்குத் தெரியாமப் போனதுக்கு இந்த வெள்ளையும் ஒரு காரணம்.

"கொஞ்ச தூரம் போய்ப் பாக்கலாமே"ன்னு கூட இருந்தவங்க கேட்டாங்க. பைலட் அசையல. மறுநாள் காத்தும் சேர்ந்துக்கிச்சு. மூணு நாள்.

கூடாரத்துல மருந்துப்பெட்டி இருந்துச்சு. ஊசி போட முன்னாடியே ஒருத்தருக்குப் பழக்கியிருந்தோம். ஆன்டிபயாட்டிக் ஆரம்பிச்சோம், சாப்பாட்டை நிறுத்தினோம். நாலு மணி நேரத்துக்கு ஒருதரம் போன்ல நாடி, காய்ச்சல், வயிறு இறுகுதான்னு கேட்டுக்கிட்டே இருந்தேன்.

மைத்ரிக்குப் பக்கத்துலயே ரஷ்யாவின் நோவோலசரெவ்ஸ்கயா நிலையம். 1961 ஏப்ரல் 30 அன்று அங்கிருந்த ஒரே டாக்டர் லியோனிட் ரோகோசோவுக்கு இதே நோய். வயசு 27. பனிப்புயல்ல விமானம் வர வழியில்லை. மரத்துப்போற ஊசி போட்டுக்கிட்டு, கூட இருந்தவர் பிடிச்ச கண்ணாடியைப் பாத்து, தன் வயித்தைத் தானே திறந்து குடல்வாலை எடுத்தார். பிழைச்சார். அந்த மூணு ராத்திரியும் அவர் நினைப்புதான் எனக்கு.

நாலாம் நாள் காலையில தரையில நிழல் விழுந்துச்சு. பறந்தோம். காய்ச்சல் குறைஞ்சிருந்துச்சு. பத்திரமா கொண்டுவந்து சேர்த்தோம், தம்பி நல்லா இருக்கார். (ஊர்ல வயித்துவலிக்கு இப்படிக் காத்திருக்காதீங்க. அங்க வேற வழியில்லை. இங்க க.விலக்குல மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரியே இருக்கு.)

அமெரிக்காவுல பல ஏர் ஆம்புலன்ஸ் சேவைகள்ல ஒரு வழக்கம் உண்டு. பறக்கலாமா வேண்டாமான்னு முடிவு பண்ற வரைக்கும், நோயாளி குழந்தையா பெரியவரா, எவ்வளவு ஆபத்துன்னு பைலட்கிட்ட சொல்ல மாட்டாங்க. இரக்கம் வந்தா வானிலையைத் தப்பா கணிச்சிருவார்னு பயம். குழுவுல ஒருத்தர் வேண்டாம்னாலும் பயணம் ரத்து.

இப்ப உங்க வேலை. மதுரைக்கு அனுப்புற கேஸ், ராத்திரி, கணவாய்ல மழை. ஆம்புலன்ஸ்ல பக்கத்துல உக்காந்து "வேகமாப் போண்ணே, உயிர் போகுது"ன்னு டிரைவரை விரட்டாதீங்க. ரோடு அவருக்குத்தான் தெரியும். உங்க ஆளோட கையைப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க, அது போதும்.