நெகிழ்ந்து கொடுக்கும் ஆடை

சித்திரையும் வைகாசியும் வந்துவிட்டால் நம் இல்லங்களில் குழந்தைகளின் உடையைப் பற்றிய கவலை தொடங்கிவிடுகிறது. கடையில் வாங்கிய கவுன் பார்வைக்கு அழகாக இருக்கிறது. ஆனால் அதன் துணி காற்றைப் புக விடுவதில்லை. முதுகில் ஜிப்பு, இடுப்பில் இறுக்கம், கழுத்தில் உறுத்தும் சரிகை. அரை மணி நேரத்திற்குள் குழந்தை அதைக் கழற்றி எறிந்துவிட்டு, பழைய பருத்திச் சட்டையைத் தேடி ஓடுகிறது. அக்குழந்தையின் தீர்ப்பே நேர்மையான தீர்ப்பு என்பது நமது எண்ணம்.

இதற்கு மாற்றாக, வீட்டிலேயே ஒரு பிற்பகலில் தைத்து முடிக்கக்கூடிய ஓர் ஆடை உண்டு. மார்புப் பகுதி முழுவதும் எலாஸ்டிக் நூலால் வரிவரியாகச் சுருக்கப்பட்டு, கீழே தாராளமாக விரிந்து தொங்கும் கோடைக்காலக் கவுனையே இங்கே குறிப்பிடுகிறோம். அதற்கு ஊக்கு வேண்டுவதில்லை; பொத்தான் வேண்டுவதில்லை; ஜிப்பும் வேண்டுவதில்லை. இழுத்தால் விரியும், விட்டால் உடலோடு மென்மையாகப் பொருந்தும்.

பங்குக் குருவுக்கும் பெண் குழந்தைகளின் கவுனுக்கும் என்ன தொடர்பு என்று வாசக அன்பர்கள் வினவலாம். வினா நியாயமானதே. நாம் தையல் இயந்திரத்தின் ஓசையில் வளர்ந்தவர்கள். தந்தையார் மறைந்த பின்னர் நம் தமக்கையாரின் கால்கள் மிதித்த அந்த இயந்திரமே நம் இல்லத்தில் அடுப்பை எரிய வைத்தது. பாபினில் நூல் சுற்றுவதும், தரையில் சிதறிய ஊசிகளைக் காந்தத்தால் பொறுக்குவதும் நமக்கு இளமையில் வாய்த்த பணிகள். இன்று நம் பங்கின் மண்டபத்தில் தாய்மார்களுக்கான தையல் வகுப்பு நடைபெறும்போது, கணக்கு வழக்குகளைப் பார்க்கும் சாக்கில் நாம் சற்று நேரம் அங்கே நின்று விடுவதுண்டு.

இயந்திரங்களின் பெருக்கத்தைக் கண்டு அஞ்சிய காந்தியடிகளும் தையல் இயந்திரத்திற்கு விலக்கு அளித்தார். 1924ஆம் ஆண்டு ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்த ஓர் உரையாடலில், சிங்கர் தையல் இயந்திரத்தைப் பயனுள்ள ஒரு சில கண்டுபிடிப்புகளுள் ஒன்றாக அவர் பாராட்டினார். கையால் தைத்து வருந்திய மனைவியின் மீது கொண்ட அன்பினால் ஒருவர் உருவாக்கிய கருவி அது என்பது அவர் கூறிய காரணம். உழைப்பவரின் சுமையைக் குறைக்கும் கருவி வேறு, உழைப்பவரையே அகற்றிவிடும் கருவி வேறு என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

சுருக்குத் தையலின் வரலாறு எலாஸ்டிக்கினும் பழைமையானது. இங்கிலாந்தின் நாட்டுப்புறங்களில் 18, 19ஆம் நூற்றாண்டுகளில் உழவுத் தொழிலாளர் அணிந்த தளர்ந்த மேலாடைகளில், மார்பிலும் மணிக்கட்டிலும் துணியை நுண்ணிய மடிப்புகளாகச் சேர்த்து, அம்மடிப்புகளின் மேல் கையால் பூத்தையல் இடுவார்கள். குனிந்து நிமிர்ந்து உழைக்கையில் அம்மடிப்புகள் விரிந்து கொடுக்கும், பின்னர் கூடிக்கொள்ளும். ரப்பர் இல்லாமலேயே துணிக்கு நெகிழ்ச்சி அளித்த நுட்பம் அது. ‘ஸ்மாக்கிங்’ என்று நம் தையல் ஆசிரியைகள் இன்றும் கற்பிப்பது அதனையே.

பிறகு ரப்பர் வந்தது. பதப்படுத்தாத ரப்பர் வெயிலில் பிசுபிசுக்கும்; குளிரில் விறைத்து வெடிக்கும். கந்தகம் சேர்த்துச் சூடாக்கினால் அக்குறை நீங்கும் என்பதற்கு அமெரிக்கரான சார்லஸ் குட்இயர் 1844ஆம் ஆண்டு காப்புரிமை பெற்றார். ரப்பரின் நீண்ட மூலக்கூறுகள் சுருண்டு கிடப்பவை, இழுத்தால் நிமிர்பவை. கந்தகம் அவற்றை ஆங்காங்கே ஒன்றோடொன்று பிணைத்து விடுவதால், விட்டவுடன் அவை தம் பழைய நிலைக்குத் திரும்புகின்றன. 1930களில் ரப்பர் இழையின் மேல் பருத்தி நூலைச் சுற்றிய ‘லாஸ்டெக்ஸ்’ என்னும் நூல் அமெரிக்காவில் புகழ் பெற்றது. 1958ஆம் ஆண்டு டியூபாண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த ஜோசப் ஷிவர்ஸ் என்னும் வேதியியலார் ஸ்பான்டெக்ஸ் என்னும் செயற்கை நெகிழ் இழையை உருவாக்கினார். இன்று தையற்பொருள் கடையில் கிடைக்கும் எலாஸ்டிக் நூலும் இதே அமைப்புடையது: நடுவில் நெகிழும் இழை, சுற்றிலும் சாதாரண நூல். கன்னியாகுமரி மாவட்டத்தில் விடியற்காலையில் ரப்பர் மரத்தைக் கீறி, சொட்டும் பாலைச் சிரட்டையில் ஏந்தும் உழைப்பாளர்களைக் கண்டவர்களுக்கு ரப்பர் அயல்நாட்டுப் பொருளாகத் தோன்றாது.

இனித் தைக்கும் முறைக்கு வருவோம். எட்டு அல்லது ஒன்பது வயதுச் சிறுமிக்கு 44 அங்குல அகலமுள்ள மெல்லிய பருத்தித் துணி ஒரு மீட்டர் போதும். மல் அல்லது வாயில் மிகவும் நன்று. கனத்த துணி சுருங்காது, அதனை நாடாதீர்கள். குழந்தையின் மார்புச் சுற்றளவைப் போல் ஒன்றரை மடங்கு முதல் இரு மடங்கு வரை துணியின் அகலம் இருத்தல் வேண்டும் என்பதே கணக்கு. மார்பு 26 அங்குலமாயின் 44 அங்குல அகலம் தாராளமாகப் பொருந்தும். துணியின் இரு கரைகளும் ஒரே மூட்டில் சந்திப்பதால் பிசிர் அடிக்கும் தொல்லையும் இல்லை. அக்குளிலிருந்து முழங்கால் வரை அளந்து, மேல் மடிப்புக்கு ஓர் அங்குலமும், கீழ் மடிப்புக்கு மூன்று அங்குலமும் கூட்டி வெட்டிக்கொள்ளுங்கள். எஞ்சிய துணியில் அகலமான தோள்பட்டிகள் இரண்டு கிடைக்கும்.

முதலில் மேல் விளிம்பை மடித்துத் தைத்துவிட வேண்டும். பக்க மூட்டை இப்போது தைக்கலாகாது. துணி விரிந்து கிடந்தால்தான் வரிகள் நேராக வரும். அடுத்து, எலாஸ்டிக் நூலைப் பாபினில் கையாலேயே சுற்ற வேண்டும். இயந்திரத்தின் சக்கரத்தில் மாட்டிச் சுற்றினால் நூல் விறைத்துப் போகும். இழுக்காமலும் தொய்ய விடாமலும் சீராகச் சுற்றுவதே இதன் உயிர்நிலை. நூல் தடிமனாதலின் ஒரு பாபின் சில வரிகளுக்கே போதும். மூன்று நான்கு பாபின்களை முன்னதாகவே சுற்றி வைத்துக்கொண்டால் நடு வரியில் நூல் தீர்ந்து திகைக்க நேராது. மேலே ஊசியில் துணியின் நிறத்துக்கு ஏற்ற சாதாரண நூலைக் கோத்துக்கொள்ளுங்கள். எலாஸ்டிக் நூல் அடிப்புறத்தில் மறைந்திருப்பதால் அது வெள்ளையாயினும் கறுப்பாயினும் குறையில்லை.

தையலின் நீளத்தை நான்கு மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்டி வையுங்கள். துணியின் நல்ல பக்கம் மேலே இருக்கட்டும். மேல் விளிம்பிலிருந்து ஓர் அங்குலம் விட்டு, முதல் வரியை நேராகத் தையுங்கள். இரு முனைகளிலும் நூலைச் சற்று நீளமாக விட்டு, மேல்நூலையும் அடிநூலையும் சேர்த்து இறுக முடியுங்கள். முதல் வரி தைத்தவுடன் துணி பெரிதாகச் சுருங்காது. ‘இவ்வளவுதானா?’ என்று மனம் சோர வேண்டாம். ஒரு சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டாம் வரி, மூன்றாம் வரி என்று தொடருங்கள். ஒவ்வொரு வரியின்போதும், முன்பு சுருங்கிய பகுதியை ஊசிக்கு முன்னும் பின்னும் கைகளால் விரித்துப் பிடித்து, தட்டையாக்கித் தைக்க வேண்டும். வரிகள் கூடக்கூடச் சுருக்கமும் கூடும். பத்து அல்லது பன்னிரண்டு வரிகள் போதும். அப்போதும் சுருக்கம் குறைவாகத் தோன்றினால், பாபின் கேஸில் உள்ள சிறு திருகை ஒரு கால் சுற்று இறுக்கி, வேறு துண்டில் தைத்துப் பாருங்கள்.

தைத்து முடித்தபின் ஈரத்துணி ஒன்றை மேலே விரித்து, சூடான இஸ்திரிப் பெட்டியைத் தொட்டும் தொடாமலும் காட்டுங்கள். நீராவி பட்டவுடன் வரிகள் ஒருங்கே இறுகிக் கூடுவதைக் காண்பீர்கள். வகுப்பில் முதன்முறை இதனைக் கண்ட தாய்மார்கள் குழந்தைகளைப் போல் கைகொட்டி மகிழ்ந்தார்கள். அதன்பின் இரு கரைகளையும் சேர்த்து, வரிக்கு வரி பொருந்தும்படி பக்க மூட்டைத் தைத்து, எலாஸ்டிக் முனைகளின் மேல் இரட்டைத் தையல் இட வேண்டும். தோள்பட்டிகளையும் கீழ் மடிப்பையும் தைத்துவிட்டால் கவுன் முடிந்தது. கொதிநீரும், குளோரின் கலந்த வெளுப்புப் பொடியும், கடும் வெயிலும் எலாஸ்டிக் நூலுக்குப் பகை. குளிர்ந்த நீரில் அலசி, நிழலில் உலர்த்துங்கள்.

இவ்வளவு சிரமம் எதற்கு, கைப்பேசியைத் தொட்டால் ஆடை வீடு தேடி வருகிறதே என்று சிலர் கூறுவர். அவர்களுக்கு விடையாக, நாம் நேரில் கண்ட ஒன்றைச் சொல்ல விரும்புகிறோம்.

நம் வகுப்புக்கு வந்த ஒரு தாய்க்குப் பதினொரு வயது மகள் உண்டு. பிறவியிலேயே அச்சிறுமியின் விரல்களில் வலுவில்லை. படிப்பில் கூர்மையானவள், ஆனால் ஊக்கு மாட்டவோ பொத்தான் இடவோ அவளால் இயலாது. ஒவ்வொரு நாளும் தாயே உடுத்திவிட வேண்டும். “சுவாமி, அவளுக்கு இது தெரியாமலில்லை, விரல்தான் சொன்னபடி கேட்பதில்லை. வயதுக்கு வரப்போகிற பிள்ளை, நான் உடுத்திவிடும்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்” என்று அத்தாய் கூறியபோது நமக்கு விடை கூற வாயெழவில்லை.

தையல் ஆசிரியைதான் வழி கண்டார். அச்சிறுமியை அழைத்து அளவெடுத்தார். அவளது கை எவ்வளவு உயரம் எழும், விரல் எதைப் பற்றும், எதைப் பற்றாது என்பதையும் பொறுமையாகப் பார்த்தார். மார்பு முழுவதும் சுற்றிலும் ஒரே சீராகச் சுருக்கி, மூட்டை அக்குளின் கீழ் வைத்து, பட்டிகளை முன்னும் பின்னும் ஒரே இடைவெளியில் தைக்கச் சொன்னார். ஆதலால் அந்தக் கவுனுக்கு முன்புறம் பின்புறம் என்ற வேறுபாடே இல்லை. எப்படி மாட்டினாலும் அதுவே சரி. விரலால் எதையும் பற்ற வேண்டியதில்லை; கைகளை நுழைத்து, தலைவழியே இறக்கி, உள்ளங்கையால் தள்ளினால் போதும்; அது தானே விரிந்து, தானே பொருந்திக்கொள்ளும்.

தாயே அதனைத் தைத்தார். மூன்றாம் வரி சற்றுக் கோணல்தான். அதை அணிந்து பார்க்க மகள் பக்கத்து அறைக்குச் சென்றாள். வழக்கம்போல் தாய் பின்னால் எழுந்தார். “நீங்கள் உட்காருங்கள் அம்மா” என்று உள்ளிருந்து குரல் வந்தது. நேரம் சென்றது. வகுப்பில் ஓர் இயந்திரமும் ஓடவில்லை. கதவு திறந்தபோது ஒரு பட்டி தோளில் முறுக்கிக்கொண்டிருந்தது. எவரும் அதைச் சரிசெய்ய எழவில்லை. அவளே கன்னத்தால் தள்ளிச் சரிசெய்துகொண்டாள். அத்தாய் தம் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

எந்தக் கடையின் அலமாரியில் அந்தக் கவுன் கிடைத்திருக்கும்? கடை வயதைக் கேட்கும். அளவு எண்ணைக் கேட்கும். ‘உன் விரல் எதைப் பற்றும்?’ என்று அது கேட்பதில்லை. கடையைக் குறை கூறவில்லை. ஆயிரம் பேருக்கு ஒரே வார்ப்பில் தைக்கும் இடத்தில் அவ்வினாவுக்கு இடமில்லை. அதைக் கேட்கக்கூடியவர் அருகில் இருப்பவர் மட்டுமே. வீட்டில் தைத்த ஆடையின் மதிப்பு மிச்சமாகும் பணத்தில் மட்டும் இல்லை. ஒரு குறிப்பிட்ட உடலை, ஒரு குறிப்பிட்ட மனத்தைக் கருத்தில் கொண்டு அது உருவாகிறது என்பதிலேயே இருக்கிறது. பிள்ளைகளை ஆடைக்கு ஏற்ப ஒடுக்காமல், ஆடையைப் பிள்ளைகளுக்கு ஏற்ப நெகிழச் செய்வது நல்ல வளர்ப்புக்கும் பொருந்தும் அன்றோ?

மேலும் ஒரு நன்மையையும் தாய்மார்கள் கருத வேண்டும். இந்தக் கவுன் குழந்தையோடு சேர்ந்து வளரும். அடுத்த ஆண்டு கீழ் மடிப்பைப் பிரித்து இறக்கலாம், பட்டியை நீட்டலாம். அதற்கும் அடுத்த ஆண்டு பட்டிகளை அகற்றிவிட்டால், சுருக்கிய மார்புப் பகுதி இடுப்பில் அமர்ந்து, அதுவே பாவாடையாகிவிடும். ஒரு மீட்டர் துணி மூன்று கோடைகளுக்கு உழைக்கிறது.

நம் பங்கில் எத்தனையோ வீடுகளில் தையல் இயந்திரம் மேலே பூப்போட்ட உறை மூடி, அதன் மேல் பூச்சாடி வைத்து, மூலையில் உறங்குகிறது. சீதனமாக வந்தது என்பார்கள். பாட்டி தைத்தது என்பார்கள். இக்கோடை விடுமுறையில் அந்தப் பூச்சாடியை இறக்கி வையுங்கள். இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்; தோல் வார் தளர்ந்திருந்தால் மாற்றுங்கள். பெண் பிள்ளைகளோடு ஆண் பிள்ளைகளையும் அருகில் அமர்த்தி, எலாஸ்டிக் நூலைப் பாபினில் சுற்றக் கொடுங்கள். இழுக்காமல் சுற்ற வேண்டும் என்பதை மட்டும் மறவாமல் சொல்லுங்கள்.