சங்கிலி வாளின் அகம்

மரம் அறுக்கும் வாள் என்றவுடன், இருவர் எதிரெதிரே நின்று இழுக்கும் நெடுவாளே என் தலைமுறையினர்க்கு நினைவில் எழும். இன்று அவ்விடத்தைச் சங்கிலி வாள் பிடித்துக்கொண்டது. செயின்சா என்பதே தொழிலாளர் வழங்கும் பெயர். 2018 நவம்பர் 16ஆம் நாள் கஜா புயல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்து, தஞ்சை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இலட்சக்கணக்கான தென்னைகளை வீழ்த்தியபோது, அங்கெல்லாம் பல நாள் ஓயாது ஒலித்தது இக்கருவியே.

திருவரங்கத்தில் எங்கள் தெருவினர்க்கு மரம் வெட்டித் தரும் அன்பர் ஒருவர் அப்போது பட்டுக்கோட்டைப் பக்கம் சென்று உழைத்தவர். அன்று கொண்டுசென்ற பழைய வாளே இன்றும் அவர் குடும்பத்திற்குச் சோறு போடுகிறது. அண்மையில் அதன் சங்கிலி எண்ணெயின்றிக் காய்ந்து, புகையத் தொடங்கியது. புதியது வாங்க அவருக்கு வசதியில்லை. காவிரிப் பாலம் கடந்து, திருச்சி மரக்கடைப் பகுதியை ஒட்டிய சிறு பட்டறை ஒன்றிற்கு அவருடன் நானும் சென்றேன். மரவாளுக்கு மருத்துவம் பார்க்க மரக்கடையினும் பொருத்தமான இடம் ஏது?

"எண்ணெய் ஊத்துனது ஊத்துனபடியே இருக்கு, பாய்."

"அப்ப உள்ளதான் கோளாறு, தம்பி" என்றார் பட்டறைக்காரர்.

மேலுறையையும் சங்கிலியையும் கழற்றுவது எவர்க்கும் எளிது. அதன்பின் இருப்பதே அரிது. எண்ணெய் இறைக்கும் சிறு பம்பு, கிளட்சுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறது. கிளட்சைக் கழற்ற முயன்றால் இயந்திரத் தண்டும் உடன் சுழலும். அவர் பிளக்கைக் கழற்றி, அத்துளை வழியே ஒரு கயிற்றைச் சிலிண்டருக்குள் செலுத்தினார். பிஸ்டன் கயிற்றில் முட்டி நின்றது. பிறகு கிளட்சை வலப்புறமாகத் திருகினார். இறுக்குகிறாரே என வியந்தேன். அதன் மரை இடமரையாம். இயந்திரத்தின் சுழற்சியால் தானே கழன்றுவிடாதிருக்கச் செய்த ஏற்பாடு. உள்ளே தென்னை நாரும் மரத்தூளும் எண்ணெயில் ஊறி, களிமண் போல் இறுகிக் கிடந்தன. பம்பை இயக்கும் சிறு சக்கரத்தின் பற்கள் தேய்ந்திருந்தன. பெட்ரோல் குழாயிலும் விரிசல். இன்றைய பெட்ரோலில் 20 விழுக்காடு வரை கலக்கப்படும் எத்தனால் பழைய ரப்பருக்கு ஒவ்வாது என்றார்.

கழற்றிப்போட்ட சங்கிலியை எடுத்துப் பார்த்தேன். அதன் வளைந்த பற்களுக்கு ஒரு கதை உண்டு. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்து மரவெட்டி ஜோசப் காக்ஸ், 1946இல், மரத்தைக் குடைந்து தின்னும் வண்டுப் புழுவின் தாடைகள் இடமும் வலமுமாக அறுப்பதைக் கண்டு, அவ்வமைப்பிலேயே சங்கிலிப் பற்களை ஆக்கினார். புழுவிடம் பாடம் கேட்ட அம்மனிதரை எண்ணி மகிழ்ந்திருந்தபோதுதான் பட்டறைக்காரரின் முகம் மாறியது.

கிளட்சுக் கிண்ணத்தைச் சுற்றிய பிரேக் பட்டை அசையவே இல்லை. வாளின் நுனி மரத்தில் இடறினால், அது கண்ணிமைக்கும் நேரத்தில் அறுப்பவர் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது முன்கைக் காப்பு தள்ளப்பட, இப்பட்டை இறுகிச் சங்கிலியை நிறுத்த வேண்டும். பிசினும் தூளும் அதன் நெம்புகோலை அடியோடு பிணித்திருந்தன.

"அத விட்டுருங்க பாய். எண்ணெய் மட்டும் வந்தாப் போதும். அது இல்லாமலே ஆறேழு வருசமா அறுக்கிறேன்" என்றார் நம் அன்பர். ஒருநாள் கூலி போகிறதே என்னும் கவலை அவர்க்கு.

பட்டறைக்காரர் மறுமொழி கூறவில்லை. தம் கழுத்தோரத்தை ஒருமுறை விரலால் தொட்டுக் காட்டினார். "எத்தனை புள்ளைங்க, தம்பி?" என்றார். "ரெண்டு பொண்ணுங்க" என்ற விடை மெல்ல வந்தது. அதன்பின் அவர் வாதிடவில்லை.

பட்டையும் பற்சக்கரமும் குழாயும் மாற்றப்பட மறுநாள் மாலை ஆகிவிட்டது. பட்டறைக்காரர் வாளை முடுக்கி, அதன் நுனியை ஒரு வெள்ளைத்தாளுக்கு மேலே பிடித்தார். தாளில் எண்ணெய் மெல்லிய கோடாகத் தெறித்தது. அடுத்து முன்காப்பைத் தள்ளினார். ஓடிய சங்கிலி சட்டென நின்றது. நம் அன்பர் வாளை வாங்கி, அதைத் தாமே இன்னும் இருமுறை தள்ளிப் பார்த்துக்கொண்டார்.