கருவிக்கு முன்னால் ஒரு கேள்வி

தேசிய ஆசிரியர் கல்விக் குழு 2014ஆம் ஆண்டு வெளியிட்ட ஒழுங்குமுறைகள் பி.எட். படிப்பை இரண்டாண்டுகளாக நீட்டின. குறைந்தது 20 வாரங்கள் பள்ளியில் களப்பணி ஆற்ற வேண்டும் என்றும் வகுத்தன. தகவல் தொடர்புத் தொழில்நுட்பம் குறித்த விமர்சனபூர்வமான புரிதலுக்கும் பாடத்திட்டத்தில் இடம் ஒதுக்கப்பட்டது. 'விமர்சனபூர்வமான' என்னும் அந்த அடைமொழி வகுப்பறையை எட்டும்போது என்னவாகிறது என்பது ஆராயத்தக்கது.

பெங்களூரின் புறநகரில் உள்ள ஓர் அரசுப் பள்ளியில் களப்பயிற்சி மேற்கொண்ட கணித மாணவ ஆசிரியை ஒருவரின் அனுபவம் இதற்கு நல்ல சான்று. ஏழாம் வகுப்புக்கு முக்கோணத்தின் பரப்பளவைக் கற்பிக்க அவர் 24 சில்லுகள் கொண்ட படக்காட்சி ஒன்றை இரண்டு இரவுகள் விழித்துத் தயாரித்தார். வண்ணங்கள் இருந்தன, சுழன்று வரும் எழுத்துகள் இருந்தன. மாணவர்கள் திரையில் கண்டதை அமைதியாக எழுதிக்கொண்டனர். மேற்பார்வையாளர் தம் குறிப்பேட்டில் தொழில்நுட்பப் பயன்பாட்டுக்கு முழு மதிப்பெண் வழங்கினார்.

அன்று மாலை விடைத்தாள்களைத் திருத்தியபோதுதான் உண்மை புலப்பட்டது. விரிகோண முக்கோணம் வந்த இடத்திலெல்லாம் பெரும்பாலான மாணவர்கள் சாய்ந்த பக்கத்தையே உயரமாகக் கொண்டிருந்தனர். சூத்திரம் மனப்பாடமாகியிருந்தது; உயரம் என்றால் என்ன என்பது விளங்கியிருக்கவில்லை. திரை செய்தது கரும்பலகையின் வேலையைத்தான், சற்று அதிக ஒளியோடு.

அடுத்த வாரம் அவர் படக்காட்சியைக் கைவிட்டு ஜியோஜீப்ரா மென்பொருளைத் திறந்தார். ஒரு முக்கோணம், அதன் அடிப்பக்கத்துக்கு இணையாக உச்சியின் வழியே ஒரு கோடு. உச்சியை அக்கோட்டின் மேல் நகர்த்தினால் பரப்பளவு கூடுமா, குறையுமா என்று கேட்டார். கூடும் என்றே பலரும் கைதூக்கினர். அதன் பின்னரே நகர்த்தினார். முக்கோணம் நீண்டு சரிந்தது. ஓரத்தில் இருந்த எண் மட்டும் அசையவில்லை. உயரம் முக்கோணத்துக்கு வெளியே போய்விட்டதா என்று கடைசி வரிசையிலிருந்து ஒரு சிறுவன் கேட்டான். முதல் நாளில் 24 சில்லுகளாலும் எழுப்ப முடியாத கேள்வி அது.

மற்றொரு பிரிவுக்கு அதே பாடத்தை எடுக்கச் சென்றபோது மின்சாரம் இல்லை. அவர் கரும்பலகையில் அடிப்பக்கத்தையும் இணைகோட்டையும் வரைந்தார். இரப்பர் நாடா ஒன்றின் இரு முனைகளை இரு மாணவர் அடிப்பக்கத்தின் முனைகளில் பிடித்துக்கொள்ள, அதன் நடுப்பகுதியைக் கோட்டின் வழியே இழுத்தார். அதே கேள்வியைக் கேட்டார். எண் தானாகத் தோன்றாததால் மாணவர்களே அளவுகோல் கொண்டு உயரத்தை அளந்து பரப்பளவைக் கணக்கிட்டனர். பாடம் நடந்தது. குறிப்பேட்டில் தொழில்நுட்பத்துக்கான கட்டம் மட்டும் வெறுமையாக இருந்தது.

பாடப்பொருளை அறிதல் வேறு, அதைப் பிறருக்குப் புரியும் வடிவில் மாற்றித் தரும் அறிவு வேறு என்று லீ ஷுல்மன் 1986இல் வாதிட்டார். 2006இல் புன்யா மிஸ்ராவும் மேத்யூ கோலரும் அச்சட்டகத்தில் தொழில்நுட்ப அறிவையும் இணைத்தனர். மூன்றும் தனித்தனியே நிற்பவையல்ல, ஒன்றையொன்று ஊடுருவுபவை என்பதே அவர்கள் வாதத்தின் உயிர்நாடி. ஆனால் நம் கல்வியியல் கல்லூரிகள் பலவற்றில் தொழில்நுட்பம் தனித்தாளாகவும் பாடம் கற்பிக்கும் முறை மற்றொரு தாளாகவும் தேர்வுக்கு வருகின்றன. இரண்டையும் இணைக்கும் பொறுப்பு, களப்பயிற்சியில் தனித்து நிற்கும் மாணவ ஆசிரியரின் தோளில் விழுகிறது.

மதிப்பீட்டுப் படிவம் எதைக் கேட்கிறதோ அதையே பயிற்சியாளர் கற்கிறார். கருவி பயன்படுத்தப்பட்டதா என்று மட்டும் கேட்டால் அவர் காட்சிப்படுத்தக் கற்பார். இக்கருவி இல்லாவிடில் மாணவர் எதைக் காணாமல் போவார் என்று கேட்டால் தேர்ந்தெடுக்கக் கற்பார். தேவையற்ற இடத்தில் அதை ஒதுக்கவும் துணிவார். 20 வாரங்கள் குறுகிய காலம். அதற்குள் எந்தப் பழக்கம் படிகிறதோ அதுவே பல ஆண்டுப் பணிவாழ்வில் தொடரும் வாய்ப்பு அதிகம்.

கல்வியியல் கல்லூரிகளில் பணிபுரிவோர் தங்கள் மதிப்பீட்டுப் படிவத்தை ஒருமுறை எடுத்துப் பார்க்கலாம். அதில் தொழில்நுட்பத்துக்கு எதிரே இருப்பது ஒரு கட்டமா, ஒரு கேள்வியா?