வளையாத விரல்

யந்திரங்களைக் கண்டு அஞ்சுதல் பேதைமை என்று யான் நெடுநாள் எண்ணியிருந்தேன். அவ்வெண்ணத்தை மாற்றிய நிகழ்ச்சியொன்றை ஈண்டு எழுதத் துணிகின்றேன். அஃது எனக்குப் பெருமை தருவதன்று. எனக்குப் பின் எமது பட்டறையிற் புகும் மாணவர்க்குப் பயன்படுமாயின் நாணம் ஒரு பொருளன்று.

மாணவர் போட்டியொன்றிற்காக யாங்கள் அறுவர் ஒரு ரோபோவை அமைத்து வந்தோம். பந்தை எறிதற்கென அதற்கு ஓர் இரும்புக் கரம் பொருத்தி, அக்கரத்தை வீசுதற்கு வலிய சுருள்வில் ஒன்றையும் இணைத்திருந்தோம். போட்டிக்கு முந்திய இரவு, கரத்தைப் பிடித்து நின்ற சங்கிலி பழுதுற்றிருத்தலைக் கண்டேன். எங்களுள் இளையவனை அழைத்து, "தம்பி, பாட்டரியை நீக்கிவிட்டேன், இனி அபாயமில்லை. சங்கிலியைக் கழற்று" என்றேன். அவன் காப்புக் கண்ணாடி எடுக்க எழுந்தான். "அதற்கெல்லாம் நேரமில்லை" என்று தடுத்தவன் யானே.

சங்கிலி கழன்ற கணமே, இழுபட்டு நின்ற சுருள்வில் கரத்தை வீசிற்று. அவனது வலக்கை ஆள்காட்டி விரல் கரத்திற்கும் சட்டத்திற்கும் இடையே நசுங்கியது. தெறித்த திருகாணியொன்று அவன் புருவத்தின்மேற் கீறிச் சென்றது. சற்றுத் தாழ்ந்திருப்பின் கண்ணே போயிருக்கும்.

மருத்துவமனைக்கு அவன் தாயார் ஓடிவந்தார். அவர் வினவுமுன்னரே அவன், "நான்தான் கவனமில்லாமல் இருந்துவிட்டேன், அம்மா" என்றான். யான் வாய் திறவாது நின்றேன். அந்த மௌனம் இன்றும் என்னை வருத்துகின்றது. இரவெல்லாம் உறங்காது கிடந்து, விடிந்ததும் ஆசிரியரிடத்தும் பின்னர் அவ்வம்மையாரிடத்தும் உண்மையை உள்ளவாறு உரைத்தேன். ஆசிரியர் சினந்திலர். ரோபோவைப் போட்டியினின்று விலக்கிவிட்டு, "மின்சாரத்தை நிறுத்தினாய், ஆற்றலை நிறுத்தினாயா?" என்று மட்டும் வினவினார்.

அவ்வினாவின் பொருளைப் பின்னரே உணர்ந்தேன். மின்சாரம் நீங்கிய பின்னும் இழுத்த சுருள்வில்லிலும், உயர்த்திய கரத்திலும், உருளையில் அடைபட்ட காற்றிலும் ஆற்றல் தங்கியிருக்கும். வில்லைத் தளர்த்தி, கரத்தைத் தாழ்த்தி, காற்றை வெளியேற்றிய பின்னரே கைவைத்தல் வேண்டும். கழற்றி வைத்த பாட்டரியும் தீங்கற்றதன்று. லித்தியம் பாலிமர் பாட்டரியின் ஒவ்வொரு கலத்தையும் பொதுவாக 4.2 வோல்ட்டுக்கு மேல் மின்னேற்றலாகாது, உப்பியதைப் பயன்படுத்தலாகாது, ஆளில்லா அறையில் மின்னேற விட்டுச் செல்லுதலும் ஆகாது.

1979ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள், அமெரிக்க நாட்டு மிச்சிகன் மாநிலத்தில், ராபர்ட் வில்லியம்ஸ் என்னும் 25 வயதுத் தொழிலாளர் வார்ப்பாலையொன்றில் ரோபோவின் கரம் தாக்கி மாண்டார். ரோபோவால் உயிரிழந்தாருள் முதல்வர் அவரே என்பர். அச்செய்தியை யான் முன்னரே படித்திருந்தேன். படித்தும், அது பெருந்தொழிற்சாலைகளின் கதை, எமது சிறு பட்டறைக்கு உரியதன்று என்று ஒதுக்கியிருந்தேன்.

காயம் ஆறிற்று, விரல் மட்டும் முற்றும் வளைவதில்லை. இவ்வாண்டு அவனே எங்கள் குழுத்தலைவன். காப்புக் கண்ணாடிகளைப் பட்டறையின் வாயிலிலேயே மாட்டிவைத்து, அணியாதாரை அவன் உட்புக விடுவதில்லை. சென்ற வாரம் யான் மறந்து உள்ளே நுழைந்தேன். அவன் ஒன்றும் பேசாது, அவ்விரலை நீட்டி வாயிலைச் சுட்டினான். யான் திரும்பிச் சென்று கண்ணாடியை அணிந்துகொண்டு வந்தேன்.